ஐம்பதுக்குக் குறையாத மருமகள்

காலையில் ஃபேக்டரியின் பரிசோதனை அறையைத் திறந்ததும் ஆண்டியப்பன் செய்கிற முதல் வேலை கை கழுவுவதுதான். சோப்புப் போட்டு, முழங்கைவரை நுரைக்கவிட்டு, ஆபரேஷனுக்குப் போகும் டாக்டர் தோற்றார் என்கிற மாதிரிக் கழுவுவார். அதன்பிறகு கண்ணாடிப் பீரோவிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து மேசைமேல் வைப்பார்.

பெட்டிக்குள் இருப்பது நிறம் அளக்கிற கருவி. பார்க்க டார்ச் லைட் போலத்தான் இருக்கும். அதன் வாயைத் தேயிலைத் தூள்மேல் வைத்துப் பட்டனை அழுத்தினால் பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடிக்கும்; உடனே முதுகுப் பக்கத்தில் ஒரு நம்பர் வரும். பூஜ்யம் என்றால் கன்னங்கறுப்பு, நூறு என்றால் பால்வெள்ளை. கூடவே வரும் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் தேத்தண்ணீரை ஊற்றி வைத்தால், சாயம் எவ்வளவு அடர்த்தி என்பதையும் அதே மாதிரி நம்பராகச் சொல்லிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், அத்தனை விலை கொடுத்து வாங்கிய அந்த மிஷினுக்குச் சொந்தமாக ஒன்றும் தெரியாது. தினமும் வேலை தொடங்குமுன் அதற்குச் சின்ன வெள்ளைப் பீங்கான் ஓடு ஒன்றைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். காட்ட மறந்தால் அன்று முழுக்க உளறும். தரப் பிரிவு அதிகாரி ஃபியோனா, படித்துவிட்டு வந்த சின்னப் பெண், ஆண்டியப்பனிடம் முதல் நாளே இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஓடு அழுக்காகக் கூடாது. மிஷின் ஃபேக்டரியைத் தாண்டக் கூடாது.

முதலாவதை ஆண்டியப்பன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினார்.

பிரிஞ்சாங் என்ற மலை ஊருக்கு மேலே, மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் அந்த எஸ்டேட்டில் அவருக்கு இதனால் ஒரு தனி மரியாதை உண்டாகியிருந்தது. கொழுந்து சரியாகப் புளிக்காமல் வெளுத்துப்போன தூள் வந்தால் அவர் நம்பரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். "வெளுத்துக் கெடக்கு. இதுல சாயம் எங்கருந்து வரும்? திருப்பி அனுப்பு" என்பார். கறுகறுவென்று நம்பர் இறங்கி வந்த தூளைப் பார்த்தால்தான் அவர் முகத்தில் சிரிப்பு வரும். கறுத்த தூளை உள்ளங்கையில் வைத்துப் பேரப்பிள்ளையைக் கொஞ்சுகிறவர் போல முகர்ந்து பார்ப்பார்.

தூளோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. டீ நேரத்தில் ஆட்கள் வந்து இதை அளந்து கொடு, அதை அளந்து கொடு என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒருவர் பாசார்ச் சந்தையில் வாங்கிய மஞ்சள் தூளைக் கொண்டு வந்தார். இன்னொருவர் மோட்டார் சைக்கிளில் பெயின்ட் உரிந்த இடத்தைக் காட்டினார். பேக்கிங்கில் வேலை செய்யும் புவனேஸ், பக்கத் தொழிலாக முகம் சிவப்பாக்கும் கிரீம் விற்கிறவள், தன்னையே முன்னும் பின்னும் அளக்கச் சொன்னாள். ஒரு மாதம் பூசியபின் நம்பர் ஏறவில்லை. கன்னத்தில் அரிப்பு எடுத்துத் தடித்துப்போய் இன்னும் இறங்கியிருந்தது. புவனேஸ் மிஷின் பொய் சொல்கிறது என்று சாதித்தாள். அன்றிலிருந்து அவரோடு பேச்சு இல்லை. மிஷின் பொய் சொல்லாது, மனிதர்கள்தான் சொல்வார்கள் என்பது ஆண்டியப்பனின் முடிவு. அந்த முடிவுதான் அவரைக் குப்புறத் தள்ளியது.

அவருடைய ஒரே மகன் சசிதரன் காய்கறி லோரி ஓட்டுகிறவன். கோலா தெர்லாவில் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக் கீழே கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவான். ஏற்றப்போன இடத்தில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் ராமையாவின் மகள் கங்காவைப் பார்த்து, பேசி, பழகி, ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அம்மா அப்பாவிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தான். கட்டினால் அவளைத்தான் கட்டுவேன், நீங்கள் போய்ப் பேசுங்கள் என்றான்.

அம்மா செல்லம்மா, பெண் என்ன படித்திருக்கிறாள், குணம் எப்படி என்று கேட்டாள். ஆண்டியப்பன் கேட்டது ஒரே கேள்விதான்.

"என்ன கலரு?"

சசிதரன் கைப்பேசியில் போட்டோவைக் காட்டினான். ஆண்டியப்பன் அதைக் கிட்டே வைத்துப் பார்த்தார், எட்ட வைத்துப் பார்த்தார். போட்டோவை நம்ப முடியாது, இந்தக் காலத்துக் கைப்பேசி கழுதையையும் குதிரையாகக் காட்டும் என்றார். தங்கள் குடும்பம் நிறமான குடும்பம், தன்னைச் சின்ன வயதில் லயத்து வீடுகளில் எல்லாரும் சின்னத் துரை என்றுதான் கூப்பிடுவார்கள் என்று பழைய கதையை எடுத்தார். அதற்குச் சாட்சியாக வழக்கம்போல் சுவரைக் காட்டினார். அங்கே அவருடைய கல்யாணப் போட்டோ, ஈப்போவில் கொடுத்துப் பெரிதாக்கியது, கண்ணாடி போட்டுத் தொங்கியது. அதில் மாப்பிள்ளை ஆண்டியப்பன் மாவில் விழுந்து எழுந்தவர் போல இருந்தார். பக்கத்தில் மணப்பெண் செல்லம்மா அவரைவிட வெள்ளையாக இருந்தாள்.

போட்டோவுக்கு நேர் கீழே நிஜச் செல்லம்மா நல்ல கறுப்பு நிறத்தில், குழம்புச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. முப்பது வருஷமாகவே கவனித்ததில்லை.

வரப்போகும் பேரப்பிள்ளை பெண்ணாகப் பிறந்தால் நாளைக்கு அதற்கு மாப்பிள்ளை தேடக் கஷ்டப்படக் கூடாது, அதற்காகத்தான் சொல்கிறேன் என்றார் ஆண்டியப்பன். தான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரன் இல்லை, கண்ணால் பார்த்து முடிவு சொன்னால் பாரபட்சம் ஆகிவிடும், ஆகவே முறைப்படி அளந்து பார்த்துவிடலாம் என்று அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார்.

"ஐம்பது இருக்கணும். பாதி வெள்ளையாவது வேணாமா? ஐம்பதுக்குக் கீழ போனா பேச்சே இல்ல, எந்திரிச்சு வந்துருவேன்."

சசிதரன் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தான். செல்லம்மாவுக்குத் தெரியும், புருஷன் விளையாட்டாகச் சொல்லி அவள் பார்த்ததே இல்லை. அவள் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் கறுப்புப் பெட்டி ஆண்டியப்பனின் சாப்பாட்டுக் கூடையில் ஏறி, ஃபியோனாவின் இரண்டாவது கட்டளையைத் தாண்டி வெளியே வந்தது.

ஞாயிறு காலை அவர் கிளம்பிய அழகைப் பார்த்திருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை, கத்தி மாதிரி மடிப்பு வைத்த சிலுவார்க் கால்சட்டை, முகத்தில் ரோஜா வாசம் அடிக்கும் பவுடர். அதைக் கன்னத்தில் அப்பி, கழுத்துவரை தேய்த்து, பின்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று மூக்கில் ஒரு முறை தட்டிக்கொண்டார். பழத்தட்டை செல்லம்மா மடியில் வைத்துக்கொண்டாள். மிஷினை அவர் தன் மடியில் வைத்துக்கொண்டார். சசிதரன் காரை ஓட்டினான். கியா பார்ம் தாண்டும்போது ஸ்ட்ராபெரி வாங்க வந்த கூட்டத்தில் சாலை அடைத்துக்கொண்டது. அந்த நேரத்தில்கூட ஆண்டியப்பன் கைக்குட்டையால் வெள்ளை ஓட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்றோடு தன் கல்யாணம் நடக்குமா நிற்குமா என்பது அப்பா மடியில் இருக்கிற அந்த டார்ச் லைட்டின் கையில் இருக்கிறது என்று சசிதரனுக்கு அப்போதுதான் உறைத்தது. 

ராமையாவின் வீடு தோட்டத்துக்கு நடுவிலேயே இருந்தது. சுற்றிலும் பிளாஸ்டிக் கூரை போட்ட பந்தல்கள். கோழி எரு வாடை. ராமையாவும் அவர் மனைவி தவமலரும் வாசலுக்கே வந்து அழைத்துப்போய் உட்கார வைத்தார்கள். கங்கா தேத்தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, கூச்சப்படாமல் எதிரே உட்கார்ந்தாள். உள்ளூர் வெயிலும் பந்தல் வேலையும் சேர்ந்து வாட்டி எடுத்த முகம். பவுடர் இல்லை, பூச்சு இல்லை. மூக்குத்தி மட்டும் மின்னியது. தோட்டத்தில் உரத் தண்ணீர் கலக்குவது அவள் பொறுப்பு என்றும், தக்காளிச் செடிக்குப் போகிற தண்ணீரில் உரம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று தினமும் மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் விடுவாள் என்றும் ராமையா பெருமையாகச் சொன்னார்.

ஆண்டியப்பன் தேத்தண்ணீரை எடுத்து ஜன்னல் பக்கம் உயர்த்திப் பார்த்தார். பால் ஊற்றாத கறுஞ்சாயம். ஒரு வாய் குடித்ததும் தொழில் புத்தி தன்னை மறந்தது. "என்னா சாயம். இந்தக் கறுப்பு வரணும்னா தூளும் நல்லா இருக்கணும், போடுற கையும் நல்லா இருக்கணும்" என்று மனசாரச் சொன்னார். கங்கா சிரித்தாள். சசிதரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த நிம்மதி தேத்தண்ணீர் ஆறுகிற நேரம்கூட நிற்கவில்லை. ஆண்டியப்பன் கூடையைத் திறந்து முதலில் வெள்ளை ஓட்டை எடுத்து மேசையில் வைத்தார். ராமையா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பாத்ரூமுக்கு ஓடு மாற்றுகிறீர்களா, எனக்குத் தெரிந்த கடை இருக்கிறது என்றார். அடுத்து மிஷின் வந்தது. ராமையா அதைக் கண்டதும், தொற்றுக் காலத்துப் பழக்கத்தில், தலையைக் குனிந்து நெற்றியை நீட்டினார். தனக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லை, இனிப்பு நீர் வியாதிதான் கொஞ்சம் உண்டு என்று சொல்லி விரலையும் நீட்டினார்.

ஆண்டியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தை விளக்கினார். தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, பொண்ணு கையில் ஒரே ஒரு முறை வைத்துப் பார்ப்பேன், வலிக்காது, ஐம்பது வந்தால் இப்போதே பாக்கு வெற்றிலை மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

 தவமலர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ராமையாவின் நெற்றி தானாகப் பின்னால் போனது. இப்போது அதில் நிஜமாகவே சூடு ஏறியிருக்கும். சசிதரன், "அப்பா, வேணாம்லா" என்று எழுந்துவிட்டான். கங்கா அவனை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"மிஷின் எப்படி வேலை செய்யுது அங்கிள்?"

கேட்டாளே ஒரு கேள்வி. ஆண்டியப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஓட்டைக் காட்டி, அதுதான் வெள்ளை என்று மிஷினுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதிலிருந்து, பட்டனைத் தெக்கான் பண்ணி அழுத்துவதுவரை ஒன்று விடாமல் விளக்கினார். நம்பர் ஏறினால் வெள்ளை, இறங்கினால் கறுப்பு என்றார். கங்கா வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை போலத் தலையாட்டிக் கேட்டாள்.

"சரி அங்கிள், அளங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா மொத நம்பர் வீட்டுக்கு வந்தவங்களுக்கு. மாப்பிள்ளை வீடு என்னா கலருன்னு நாங்களும் தெரிஞ்சிக்கணும்ல?"

நியாயம்தானே என்றார் ஆண்டியப்பன். சின்னத் துரைக்கு என்ன பயம்? மிஷினுக்கு ஓட்டைக் காட்டிவிட்டு, எல்லாரும் பார்க்கும்படி அதைத் தன் கன்னத்திலேயே வைத்து அழுத்தினார். பளிச். அறுபத்திரண்டு. மிஷினைத் திருப்பி ஒவ்வொருவருக்கும் காட்டினார். ராமையாவின் முகம் சுருங்கியது.

அதுவரை வாயைத் திறக்காத செல்லம்மா எழுந்து வந்தாள். புருஷனின் தாடையைப் பிடித்துத் திருப்பி, பழத்தட்டை மூடிவந்த துணியை டம்ளர் தண்ணீரில் நனைத்து, அவர் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். துணி வெளுத்தது, கன்னம் பழைய நிலைக்கு வந்தது. வீடு முழுக்க ரோஜா வாசம்.

"இப்ப அளங்க" என்றாள்.

அவர் தயங்கினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைத்து அழுத்தினார். நாற்பத்தொன்று.

ஆண்டியப்பன் மிஷினைத் தட்டிப் பார்த்தார். ஓட்டைத் துடைத்து மறுபடி காட்டினார். கன்னத்தை மாற்றி வைத்தார். மிஷின் பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் சொன்னவரிடம் அது பொய் சொல்ல மறுத்தது. நாற்பத்தொன்றேதான். சசிதரனுக்கு முப்பத்தொன்பது. கங்கா தானே மிஷினை வாங்கிப் புறங்கையில் வைத்து அழுத்தினாள். நாற்பத்தாறு.

அவரைவிட ஐந்து கூட. ஆனாலும் ஐம்பதைத் தொடவில்லை. ஆண்டியப்பன் அந்த நான்கு நம்பரைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். வெயில் படாத இடத்தில் அளந்தால் ஒருவேளை ஏறும் என்று வாய்க்குள் முனகினார். அது யார் காதிலும் விழவில்லை, ஏனென்றால் அதற்குள் செல்லம்மா மேசைமேல் தன் கையை நீட்டி வைத்துவிட்டாள்.

"என்னையும் அளந்துடுங்க."

அவர் மிஷினைக் கையில் எடுத்தார். வைக்கவில்லை. அந்தக் கையை அவர் எவ்வளவோ முறை பார்த்திருக்கிறார்; சோறு போடும்போது, தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது, காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில். எத்தனை நம்பர் வரும் என்று அளக்காமலே அவருக்குத் தெரிந்தது. பட்டனில் வைத்த விரல் அழுந்த மறுத்தது.

"ஏன் அளக்க மாட்டேங்கிறீங்க? அம்பதுக்குக் கீழ போனா எந்திரிச்சுப் போயிடணும்ல?" செல்லம்மா குரலை உயர்த்தவில்லை. "நம்ம கல்யாணத்தப்ப உங்க ஆத்தா ஸ்டூடியோக்காரன்கிட்டச் சொல்லி என் மூஞ்சிய வெள்ளையாக்கச் சொன்னாங்க. முப்பது வருசமா அந்தப் போட்டோவுக்குக் கீழதான் கூட்டிப் பெருக்குறேன். அதுல உங்க பக்கத்துல நிக்கிறவ யாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

 அவள் ஓட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இந்த மிஷினுக்கு ஒண்ணும் தெரியாது, ஓட்டக் காமிச்சாத்தான் வெள்ளை தெரியும்னு சொன்னீங்கள்ல? உங்களுக்கு அந்த ஓட்ட எந்தத் துரை காமிச்சான்?"

 ஆண்டியப்பனின் அப்பா பழைய வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் அவர் கால் சப்பாத்துகளைத் துடைத்தவர். மகன் கொஞ்சம் நிறமாகப் பிறந்ததற்காக அப்பா லயம் முழுக்கச் சர்க்கரை கொடுத்தாராம். சின்னத் துரை என்ற பேர் அப்படி வந்ததுதான். பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த அந்தக் கதையை இப்போது நினைத்தால் அவருக்கு உடம்பு கூசியது.

கங்கா எழுந்து உள்ளே போனாள். அவ்வளவுதான், இனி வெளியே வரமாட்டாள் என்று சசிதரன் நினைத்தான். ஆனால் கொஞ்ச நேரத்தில் அவள் இன்னொரு தேத்தண்ணீரோடு வந்து அதை ஆண்டியப்பன் முன்னால் வைத்தாள். தேத்தண்ணீர் என்று சொல்வது பெயருக்குத்தான். ஒரு சிட்டிகைத் தூளை வெந்நீரில் காட்டி எடுத்து, மிச்சத்துக்குப் பால் ஊற்றியிருந்தாள்.

"நம்பர் கூட இருந்தாத்தான் உங்களுக்குப் பிடிக்கும்னு தெரியாமப் போச்சு அங்கிள். இதுக்கு நல்லாக் கூட வரும். அளந்துட்டுக் குடிங்க."

அவர் மறுக்க முடியாமல் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி அளந்தார். எண்பதுக்கு மேலே வந்தது. ஃபேக்டரியில் அப்படி ஒரு நம்பரை அவர் கண்ணால் கண்டதில்லை. கங்கா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஒரு வாய் குடித்தார். நாற்பது வருஷம் தேயிலைக்குள்ளேயே கிடந்த நாக்கு. மரியாதைக்கு விழுங்கச் சொன்னாலும் அது கேட்கவில்லை. முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரிக் கோணியது.

"இது டீயே இல்லம்மா" என்றார். "வெளுத்துக் கெடக்கு. இதுல சாயம் எங்கருந்து..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். தினமும் காலையில் சொல்கிற வார்த்தை. சொன்னவருக்கே அது சுருக்கென்று தைத்தது. சசிதரன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. ராமையா இருமினார். கடைசியில் செல்லம்மாதான் முதலில் சிரித்தாள். அவள் சிரித்ததும் தவமலரும் முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

கங்கா சிரிக்கவில்லை. "நானும் தெனம் மீட்டர் பாக்குறவதான் அங்கிள். தண்ணியில எவ்வளவு உரம் இருக்குன்னு மீட்டர் சொல்லும். செடி காய்க்குமா, காய்ச்சது ருசிக்குமான்னு அது சொல்லாது. அதக் கூட இருந்து வளத்துப் பாத்தாத்தான் தெரியும். நாளைக்கு எனக்கு ஒரு பொண்ணு பொறந்தா அது கையிலயும் இத வெப்பீங்களா? அத மட்டும் சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் பதில் சொல்றேன்."

ஆண்டியப்பன் மிஷினைப் பெட்டிக்குள் வைத்தார். ஓட்டையும் வைத்தார். பெட்டியை மூடிக் கூடையில் போட்டு, கூடையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினார். இரண்டு கையாலும் ஏந்துகிற பொருளைக் காலால் தள்ளியது அவருக்கே கொஞ்சம் வலித்திருக்கும்.

"வெக்க மாட்டேம்மா. வெக்க வந்ததே தப்பு." ராமையா பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "வீடு தேடி வந்து உங்க பொண்ண அவமானப்படுத்திட்டேன். எந்திரிச்சுப் போன்னு நீங்கதான் சொல்லணும். சொன்னாப் போயிடுறேன். ஆனா பையன் நல்லவன். அவன அவங்க அம்மாதான் வளத்தா."

ராமையா மகளைப் பார்த்தார். கங்கா வெளுத்த கிளாஸை எடுத்துக்கொண்டாள்.

"நல்ல டீயாப் போட்டுக் கொண்டு வரேன் மாமா" என்றாள்.

அங்கிள் மாமாவானதை அந்த வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். சசிதரன் மட்டும் நம்பிக்கை வராமல் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். செல்லம்மா பழத்தட்டைத் தூக்கித் தவமலரின் கையில் கொடுத்தாள்.

பாவத்துக்குப் பலன் திங்கட்கிழமை காலையிலேயே வந்தது. ஃபேக்டரியில் அன்று வந்த தூள் அத்தனையும் நம்பர் ஏறி நின்றது. திருப்பி அனுப்பு என்று ஆண்டியப்பன் சொல்லி, கொழுந்தில் கோளாறா, காற்றில் கோளாறா என்று எஸ்டேட் மேனேஜர் துரைவரை செய்தி போய்விட்டது. ஃபியோனா மிஷினை வாங்கி அதன் கண்ணாடியைப் பார்த்தாள். வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. விரலில் தொட்டு மூக்கில் வைத்தாள்.

"அங்கிள், தூள்ல எப்படி ரோஸ் வாசம் வருது?"

ஆண்டியப்பன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அது தூள் இல்லை, தன் மூஞ்சி என்றார். நடந்ததை எல்லாம் சொன்னார். ஃபியோனா வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, பீரோச் சாவியைக் கேட்டு வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் வந்து பீரோவைத் திறந்து கொடுக்கும்வரை அவர் கழுவிய கையோடு வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. தண்டனை சரிதான் என்று அவருக்கே பட்டது.

கல்யாணம் தை மாதத்தில் கோயில் மண்டபத்தில் நடந்தது. தாப்பாவிலிருந்து வந்த போட்டோக்காரன் கெட்டிக்காரப் பையன். சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் குடும்பப் படத்தை வேலை செய்து பெரிய திரையில் கொண்டுவந்து காட்டினான். எல்லாரையும் நன்றாக பிரைட் பண்ணியிருப்பதாகவும், இதற்குத் தனிக் காசு கிடையாது என்றும் சொன்னான்.

ஆண்டியப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். படத்தில் இருந்த அத்தனை பேரும் மாவு மில்லில் வேலை முடித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். தன் பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைப் பெண்மணியின்மேல் விரலை வைத்தார்.

"இது யாரு தம்பி?"

பையன் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "உங்க வைஃப்லா அங்கிள்."

"இவங்கள எனக்குத் தெரியாது. என் பொண்டாட்டி அதோ அங்க நிக்கிறா, பாத்துக்க. கறுப்பா, லட்சணமா. மருமக மணவறையில உக்காந்திருக்கு, அதயும் பாத்துக்க." சுற்றி நின்றவர்களும் கேட்கட்டும் என்றுதான் அவர் பேசினார். பந்தியில் இருந்த புவனேஸ்கூட இலையிலிருந்து நிமிர்ந்தாள். "கலருக்கு நம்பர் போடுறது தூளுக்குச் சரி. மனுசனுக்குப் போட்டா, போட்டவனுக்குத்தான் கேவலம். தோல் வெளுத்திருந்தா ஒசத்தி, கறுத்திருந்தா மட்டம்னு நெனக்கிறது நமக்கு யாரோ சொல்லிக் குடுத்த பாடம் தம்பி. அத நம்ம புள்ளைங்களுக்கு நாம சொல்லிக் குடுக்கக் கூடாது. உள்ளது உள்ளபடி போட்டுக் கொண்டா."

பையன் இரண்டு தட்டுத் தட்டினான். மாவு போய் மனிதர்கள் வந்தார்கள்.

பெரிதாக்கிய படம் வந்த அன்று ஆண்டியப்பனே ஸ்டூலில் ஏறிப் பழைய போட்டோவைக் கழற்றினார். அதே ஆணியில் புதியதை மாட்டினார். செல்லம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நின்றாள். வெகுநேரம் பார்த்தாள். படத்தில் இருந்தவளின் புடவை மடிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவள் போலத் தன் புடவையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பரவால்ல" என்றாள். "இந்தக் கல்யாணத்துக்காவது நான் வந்திருக்கேன்."